கார்ட்டூன் மேதை சங்கர்

நாடாண்டவர்களின் சரித்திரங்களைப் படிக்கிறோம். அவர்களைப் புகழ்ந்து பாடிப் பரிசு பெற்ற புலவர்களின் சரித்திரங்களையும் படிக்கிறோம். ஆனால் நாடாண்டவர்களின் முகத்துக்கு நேரே அவர்களுடைய குறைகளைக் காட்டி, ஊரைச் சிரிக்க வைத்து, அவர்களையும் சேர்ந்து சிரிக்க வைத்த ஒருவருடைய சரித்திரம் கிடைப்பது அபூர்வம். அப்படி ஒருவர் இந்தியத் தலைநகரான டில்லியில் வாழ்ந்தார். சங்கரப் பிள்ளை என்பது அவர் பெயர். உலகம் அவரை சங்கர் என்றே அறியும். இந்தியாவில் அரசியல் கேலிச் சித்திரக் கலைக்குத் தந்தை என்று அவரைப் போற்றுவார்கள்.

பினாங்கில் கடை வைத்துப் பிழைக்கும் நமக்குப் படம் போட்டவர் கதையில் என்ன லாபம் என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். லாபம் உண்டு. நாலு பேருக்கு முதலாளியாக இருப்பவனுக்கும், சங்கத்தில் தலைவர், காரியதரிசி என்று பொறுப்பில் இருப்பவனுக்கும், தன் குறையைத் தனக்குக் காட்டும் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவனை வைத்துக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. சங்கருடைய வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடந்தது.

பிறப்பும் கல்வியும்

சங்கர் 1902-ம் ஆண்டு ஜூலை 31-ம் தேதி அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த காயங்குளத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவருக்குச் சித்திரப் பைத்தியம். ஒரு நாள் தலைமை ஆசிரியர் வகுப்பிலேயே நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டார். பையன் அந்தக் காட்சியை அப்படியே வரைந்துவிட்டான். விழித்துக்கொண்ட ஆசிரியருக்கு வந்த கோபம் சொல்லத் தரமன்று. ஆனால் படத்தைப் பார்த்த மாமன், கையில் நல்ல வித்தை இருக்கிறது என்று கண்டுகொண்டு மருமகனுக்கு உற்சாகம் அளித்தார். அவர் வரைந்த முதல் கேலிச் சித்திரம் இதுதான் என்பார்கள். ஒரே படத்துக்கு ஓரிடத்தில் கோபமும் வேறோரிடத்தில் பாராட்டும் கிடைத்தது. பின்னாளில் அவர் போட்ட படங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான்.

மாவேலிக்கரையில் சித்திரப் பயிற்சியும், திருவனந்தபுரத்தில் கல்லூரிப் படிப்பும் முடித்துக்கொண்டு, 1927-ம் ஆண்டு பட்டம் பெற்றதும் சட்டம் படிப்பதற்காகப் பம்பாய்க்குப் போனார். சட்டப் படிப்பு பாதியில் நின்றது. வயிற்றுக்கு ஒரு வேலையில் அமர்ந்து, ஓய்ந்த நேரங்களில் படம் போட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பி வந்தார். பாம்பே கிரானிக்கிள், ஃபிரீ பிரஸ் ஜர்னல் ஆகிய இரண்டு பத்திரிகைகளும் அவற்றை வெளியிட்டன. பிழைக்கப் போன ஊரில், எண்ணிப் போன தொழில் ஒன்றும் கிடைத்த தொழில் வேறொன்றுமாக அமைவது, கடல் கடந்து வந்த நம் முன்னோர்களுக்குப் புதிய அனுபவம் அல்லவே!

டில்லிப் பிரவேசம்

அக்காலத்தில் டில்லியில் ஹிந்துஸ்தான் டைம்ஸ் பத்திரிகைக்கு போத்தன் ஜோசப் ஆசிரியராக இருந்தார். இவரும் திருவிதாங்கூர்க்காரர். பின்னாளில் முஸ்லிம் லீகின் டான் பத்திரிகைக்கும் ஆசிரியராக இருந்த பெரியவர். பம்பாய்ப் பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்து, 1932-ம் ஆண்டு இவர் சங்கரை டில்லிக்கு அழைத்துக்கொண்டார். மாதச் சம்பளத்துக்கு ஒரு கார்ட்டூன்காரரை வைத்துக்கொள்வது இந்தியப் பத்திரிகைகளில் அன்று பழக்கத்தில் இல்லாத காரியம். 1946 வரை சங்கர் அங்கேதான் இருந்தார்.

அந்த நாளில் கார்ட்டூன் அச்சேறுவது இன்று போல் சுலபமல்ல. தூரிகையாலும் கறுப்பு மையாலும் தடித்த காகிதத்தில் வரைய வேண்டும். அதைப் படம் பிடித்துத் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து, எழுத்துகளோடு சேர்த்து முடுக்கி அச்சிட வேண்டும். மெல்லிய சாயல்கள் எல்லாம் அந்தக் காகிதத்தில் அப்பிப் போய்விடும். ஆகையால் கோடு தெளிவாக இருக்க வேண்டும். விஷயமும் அப்படியே தெளிவாக இருக்க வேண்டும். நாலு பத்தித் தலையங்கம் சொல்வதைப் பத்துக் கோடுகளில் சொல்லியாக வேண்டும். எழுத்தைச் சட்டத்தில் மாட்டிவிடலாம். மூக்கைக் கொஞ்சம் நீட்டிப் போட்டதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குத் தொடுப்பது?

வெள்ளைக்கார சர்க்காரின் வைசிராய்மார்களை அவர் சும்மா விடவில்லை. வில்லிங்டன் பிரபு, லின்லித்கோ பிரபு எல்லாரும் அவர் கையில் அகப்பட்டார்கள். லின்லித்கோ பிரபுவைச் சுடுகாட்டில் நிற்கும் காளியின் கோலத்தில் அவர் ஒரு தடவை வரைந்தார். வைசிராய் கோபித்துக்கொள்ளாமல் அதை ரசித்து, மூலப் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தேசத் தலைவர்களைச் சிறையில் அடைத்த அதே ஆட்சியில், ஒரு சித்திரக்காரருக்கு இந்த இடம் கிடைத்ததை நினைக்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இடையில் அவர் லண்டன் மாநகருக்குப் போய்ச் சுமார் 14 மாதம் சித்திரக் கலையின் நுட்பங்களைப் பயின்று, பெர்லின், ரோமாபுரி, வியன்னா, ஜினீவா, பாரிஸ் நகரங்களையும் பார்த்துத் திரும்பினார். அது 1930-களின் பிற்பகுதி. ஐரோப்பாவில் ஹிட்லரும் முசோலினியும் கொடிகட்டிப் பறந்த காலம். கேலி செய்ய யாருக்கும் அனுமதியில்லாத ஆட்சி எப்படி இருக்கும் என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தார்.

காந்தியடிகள் எழுதிய கடிதம்

நம் சமுதாயத்தார் முக்கியமாய் அறிய வேண்டிய ஒரு சம்பவம் இங்கே உண்டு. காங்கிரசுக்கும் முஸ்லிம் லீகுக்கும் பகைமை முற்றிக்கொண்டிருந்த 1939-ம் ஆண்டு வாக்கில், சங்கர் ஜனாப் ஜின்னாவைக் கேலி செய்து படம் போட்டார். ஹிந்துஸ்தான் டைம்ஸ் காங்கிரஸ் சார்பான பத்திரிகை. அதன் ஆசிரியராக அப்போது இருந்தவர் காந்தியடிகளின் குமாரர் தேவதாஸ் காந்தி. ஆகையால் அந்தப் படத்துக்கு டில்லியில் பாராட்டுக் கிடைத்திருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். ஆனால் காந்தியடிகள் சங்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். படங்கள் கலை என்ற முறையில் நன்றாகவே இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டார். அதே சமயம், படம் உண்மைக்குப் பொருந்தியிருக்க வேண்டும், மனம் நோகாமல் சிரிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தொழிலில் உயர முடியாது என்றும், கேலி கடித்துவிடக் கூடாது என்றும் அறிவுரை சொன்னார்.

கவனியுங்கள். கேலி செய்யப்பட்டவர் காந்தியடிகளின் அரசியல் எதிரி. கேலி செய்தவர் அவருடைய கட்சிக்கு வேண்டிய பத்திரிகைக்காரர். சும்மா இருந்தாலே கட்சிக்கு லாபம். இருந்தும், எதிராளிக்கு அநியாயம் நடந்ததாகத் தோன்றியதும் தம் பக்கத்து ஆளையே கண்டித்தார். இந்த மாதிரி நடப்பவர்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. அந்தக் கடிதத்தால் சங்கர் பேனாவைக் கீழே வைத்துவிடவுமில்லை. எல்லாத் தலைவர்களையும் ஒரே தராசில் நிறுத்தித்தான் மேலும் வரைந்தார்.

சொந்தப் பத்திரிகை

1946-ல் ஹிந்துஸ்தான் டைம்ஸை விட்டு விலகிய சங்கர், 1948-ம் ஆண்டு மே மாதம் சங்கர்ஸ் வீக்லி என்ற ஆங்கில வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். இங்கிலாந்தில் 1841 முதல் நடந்துவந்த பஞ்ச் பத்திரிகையைப் போல, முழுக்க முழுக்க ஹாஸ்யத்துக்கும் கேலிச் சித்திரத்துக்கும் என்றே ஒரு பத்திரிகை. தேசம் பிரிந்து, லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தும் வீடிழந்தும் அலைந்து, காந்தியடிகளும் கொலையுண்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் சிரிப்பை மூலதனமாகப் போட்டு ஒரு தொழில் தொடங்குவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியும்.

பத்திரிகையைத் தொடங்கி வைத்தவர் பிரதம மந்திரி ஜவஹர்லால் நேரு. 1937-லும் 1946-லும் மலாயாவுக்கு வந்து போன அவரை நம்மில் முதியவர்கள் பலர் நேரில் பார்த்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று அவர் சங்கரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்றார். பதவியிலிருப்பவர்களுக்குத் தற்பெருமை என்ற திரை கண்ணை மறைக்கும், அதை அவ்வப்போது யாராவது கிழித்துவிடுவது நல்லது என்பது அவருடைய அபிப்பிராயம்.

வாயால் இதைச் சொல்வது சுலபம். நேரு செய்கையிலும் காட்டினார். அவர் பிரதம மந்திரியாக இருந்த காலமெல்லாம் வாராவாரம் அவரைச் சங்கர் பல வேஷங்களில் நிறுத்தினார். நூற்றுக்கணக்கில் வந்த அந்தப் படங்களில் தேர்ந்தெடுத்தவை 1983-ல் ஒரு புத்தகமாகவே வெளிவந்தன. நேருவின் வேண்டுகோளையே அந்தப் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார்கள். இவ்வளவு கேலிக்குப் பிறகும் இருவருக்கும் இருந்த நட்பு கெடவில்லை.

பத்திரிகை ஒரு பள்ளிக்கூடமாகவும் விளங்கிற்று. அபு ஆபிரகாம், ஓ. வி. விஜயன், குட்டி, ரங்கா, யேசுதாசன் முதலான பேர்பெற்ற சித்திரக்காரர்கள் சங்கரின் நிழலில் வளர்ந்தவர்கள். தன்னிடம் தொழில் பழகியவன் எதிரிலேயே கடை போட்டால் வயிறெரியும் முதலாளிகள் உண்டு. சங்கரோ, பழகியவர்கள் லண்டன் வரைக்கும் போய்ப் பேர் எடுக்கும்படி வளர்த்தார்.

நத்தை மேல் ஒரு படம்

ஆனாலும் எல்லாப் படமும் எல்லாருக்கும் சிரிப்பைத் தரும் என்று சொல்ல முடியாது. 1949-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சங்கர் ஒரு படம் வரைந்தார. இந்திய அரசியல் சட்டம் எழுதி முடிய ஏறக்குறைய மூன்று வருஷம் ஆயிற்று. அந்தத் தாமதத்தைக் கேலி செய்து, அரசியல் சட்டத்தை ஒரு நத்தையாகப் போட்டார். அதன்மேல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர் சவுக்குடன் அமர்ந்திருக்க, பின்னால் நேருவும் சவுக்கை ஓங்கியபடி நிற்கிறார். சுற்றிலும் ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

63 வருஷம் கழித்து, 2012-ம் ஆண்டு மே மாதம், பதினோராம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இருந்த இந்தப் படத்தைக் குறித்து இந்தியப் பாராளுமன்றத்தில் பெரிய அமளி உண்டாயிற்று. மந்திரி மன்னிப்புக் கேட்டார். பாடப் புத்தக ஆலோசகர்கள் இருவர் ராஜினாமாச் செய்தார்கள். அவர்களில் ஒருவருடைய அலுவலகம் பூனா நகரில் தாக்கப்பட்டது. படமும் புத்தகத்தை விட்டு நீக்கப்பட்டது.

சங்கர் வரைந்தது வேலையின் தாமதத்தைத்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக மேல்சாதியாரிடம் அடிபட்ட ஒரு ஜனம், தங்கள் தலைவருக்குப் பின்னால் ஒரு பிராமணர் சவுக்கை ஓங்கி நிற்பதைப் பார்க்கும்போது, அவர்கள் கண்ணுக்கு நத்தை தெரிவதில்லை, சவுக்குதான் தெரிகிறது. வரைந்தவர் எண்ணம் ஒன்று, பார்ப்பவர் புண் வேறொன்று. அலுவலகத்தை உடைத்தவர்கள் செய்தது நியாயமாகாது. அதற்காக நொந்தவர்களின் நோவைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. கேலி கடிக்கக் கூடாது என்று காந்தியடிகள் எழுதியது எவ்வளவு சிரமமான புத்திமதி என்பது இங்கேதான் விளங்குகிறது.

நேருவின் கடைசி ஓட்டம்

1964-ம் ஆண்டு மே 17-ம் தேதி இதழில் வந்த படம் மிகவும் பிரசித்தம். இளைத்துக் களைத்த நேரு கையில் தீபத்தை ஏந்தியபடி ஓட்டப் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் ஓடுகிறார். அவருக்குப் பின்னால் குல்சாரிலால் நந்தா, லால் பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய், கிருஷ்ண மேனன், இந்திரா காந்தி ஆகியோர் வருகிறார்கள். பத்து நாளைக்கெல்லாம், மே 27-ம் தேதி, நேரு காலமானார். பின்னால் ஓடியவர்களில் நந்தா இடைக்காலப் பிரதமராகவும், சாஸ்திரி, இந்திரா, மொரார்ஜி மூவரும் அடுத்தடுத்துப் பிரதமர்களாகவும் ஆனார்கள். ஜோதிடம் பார்த்து அவர் வரையவில்லை. நாட்டு நடப்பை ஊன்றிக் கவனிப்பவன் கண்ணுக்கு வரப்போவதும் ஓரளவு தெரியும்.

குழந்தைகளுக்குச் செய்த தொண்டு

பெரியவர்களை ஆட்டி வைத்த சங்கருக்குக் குழந்தைகள் என்றால் உயிர். 1949-ம் ஆண்டு தம் பத்திரிகையின் மூலம் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் ஏற்படுத்தினார். மறு ஆண்டே அது உலகக் குழந்தைகள் எல்லாருக்கும் உரிய போட்டியாக விரிந்து, பிற்காலத்தில் 100-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து படங்கள் வந்து குவிந்தன. 1957-ல் குழந்தைகளுக்கு நல்ல புத்தகங்களை மலிவான விலையில் அச்சிட்டுத் தர சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தை நிறுவினார். தாமே பல கதைகள் எழுதிப் படமும் போட்டார்.

போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி நாட்டு ஸ்தானிகர் ஒரு பொம்மையைக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் சங்கருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் பொம்மை வாங்கிச் சேர்த்தார். நேருவும் வெளிநாடு போய்த் திரும்பும்போது அவருக்குப் பொம்மை கொண்டுவந்து கொடுத்தார். இப்படிச் சேர்ந்தவைகளுக்காக 1965-ம் ஆண்டு நவம்பர் 30-ம் தேதி ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் டில்லியில் பொம்மைக் காட்சிசாலை ஒன்றைத் திறந்து வைத்தார். 85 நாடுகளைச் சேர்ந்த 6,000-க்கு மேற்பட்ட பொம்மைகள் அங்கே சேர்ந்தன. இந்தியாவின் பல பிரதேச உடைகளில் பொம்மைகளை அங்கேயே பட்டறையில் செய்து, வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு மாற்றாக அனுப்பி வந்தார்கள். பணமின்றிப் பண்டத்துக்குப் பண்டம் மாற்றும் பழைய வியாபாரம்தான்!

பத்திரிகை மூடப்பட்டது

1975-ம் ஆண்டு ஜூன் 25-ம் தேதி இரவு இந்தியாவில் அவசரநிலை வந்தது. அதைக் கொண்டு வந்தவர் நேருவின் குமாரத்தியான பிரதமர் இந்திரா காந்தி. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த பகதூர்ஷா ஜாபர் வீதியில் அன்றிரவு மின்சாரம் நிறுத்தப்பட்டது. சங்கரின் குழந்தைகள் ஸ்தாபனமும் அதே வீதியில்தான் இருக்கிறது. செய்தி, படம் எதுவானாலும் தணிக்கை அதிகாரியின் முத்திரை இல்லாமல் வெளிவர முடியாது என்று ஆயிற்று.

சங்கர்ஸ் வீக்லி 27 வருஷம் நடந்து, 1975 ஆகஸ்ட் 31-ம் தேதி இதழோடு நின்றது. ஆசிரியருக்கு அப்போது வயது 73. விடைபெறும் தலையங்கத்தில், சர்வாதிகாரத்தால் சிரிப்பைத் தாங்க முடியாது, ஜனங்கள் சர்வாதிகாரியைப் பார்த்தே சிரித்துவிடுவார்களே என்ற பயம் அதற்கு உண்டு, ஹிட்லர் ஆண்ட காலத்தில் நல்லதொரு நகைச்சுவையோ கேலிப் படமோ தோன்றவில்லை என்று எழுதிவிட்டுக் கடையைக் கட்டினார். யார் பெயரையும் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

மறு ஆண்டு 1976-ல் அதே சர்க்கார் அவருக்குப் பத்ம விபூஷண் பட்டம் அளித்தது, அவரும் ஏற்றுக்கொண்டார். இதைக் குறை சொல்வோர் உண்டு. பத்திரிகையை மூடினாலும் குழந்தைகள் ஸ்தாபனத்தை அவர் நடத்தியாக வேண்டியிருந்தது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவரிடம் பயின்ற அபு ஆபிரகாம், அவசரநிலை நடக்கும்போதே, ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் இருந்தபடியே அவசரச் சட்டங்களில் கையெழுத்திட்டுத் தருவதாகப் படம் போட்டு இந்தியன் எக்ஸ்பிரஸில் வெளிவரச் செய்தார். ஆசான் கடையை மூடினாலும் தொழில் மூடப்படவில்லை. 1989-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி சங்கர் மறைந்தார். 1991-ல் இந்திய சர்க்கார் அவருடைய கார்ட்டூன்களையே தபால் தலைகளாக வெளியிட்டது.

நம் பக்கத்தில்

இக்கலை நமக்கு அந்நியமானதல்ல. தமிழில் பாரதியார் 1906-லேயே தம் இந்தியா பத்திரிகையில் கருத்துப்படங்களை வெளியிட்டார். மலாய்ப் பத்திரிகையான உத்துசான் ஜமானில் 1939-ல் வாக் கெத்தோக் என்ற பாத்திரம் தன் சொந்தச் சமுதாயத்தின் சோம்பலையும் வீண் செலவையுமே கேலி செய்தது. 1978-ல் தொடங்கிய கிலா-கிலா இதழை அஞ்சடியில் பத்திரிகைக் கடை போட்டிருந்த நம்மவர்கள் எவ்வளவு விற்றிருப்பார்கள்! அதில் வரைந்து பேர்பெற்ற ரெஜாப்ஹாட் நம் பினாங்கில் பிறந்தவர்.

எல்லா ஆட்சியாளரும் நேருவாக இருப்பதில்லை. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு கேலிப் படத்துக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் இரண்டு நாளில் விடுதலை செய்தார்கள். பிறகு அவர் கோர்ட்டுக்குப் போய் அடையாளமாக 1,000 ரூபாய் நஷ்ட ஈடும் பெற்றார்.

இன்று கேலிப் படத்துக்குப் பத்திரிகையும் வேண்டாம், பிளாக்கும் வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் கைப்பேசிக்கு மணிக்குப் பத்துப் படம் வந்து விழுகிறது. ஒரு விரலால் தட்டி நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். மற்ற சமூகத்தாரைக் கேலி செய்த படம் என்றால் இன்னும் வேகமாக அனுப்புகிறோம். நம்மைக் கேலி செய்த படம் வந்தால் மட்டும் கொதித்து எழுகிறோம். இது ஒரு கடையில் வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு வேறொரு படி வைத்திருப்பது போன்ற காரியம். நாலு ஜாதி ஜனங்களும் ஒரே வீதியில் அடுத்தடுத்துக் கடை வைத்துப் பிழைக்கும் இந்த ஊரில் அது யாருக்கும் நல்லதல்ல.

சங்கரின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை இரண்டு. பிறரைக் கேலி செய்யுமுன் இது உண்மைதானா, இது யாரையாவது கடிக்குமா என்று காந்தியடிகள் கேட்டதை நாமும் கேட்டுக்கொள்வது ஒன்று. நம்மை ஒருவர் கேலி செய்தால், அதில் உண்மை இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் நேருவைப் போல் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வது மற்றொன்று. முன்னதை விடப் பின்னதே கஷ்டம். கடையில் வேலை செய்யும் பையன் ஒருவன் நம் குறையை விளையாட்டாகச் சொல்லிவிட்டால், அன்றைக்கே அவன் கணக்கை முடித்து அனுப்பிவிடாமல், ஒரு நாள் பொறுத்து அவன் சொன்னதை யோசித்துப் பார்ப்போமானால், சங்கருடைய சரித்திரத்தைப் படித்த பலன் நமக்குக் கிடைத்துவிடும்.